பந்தல் தண்ணீரும் மருதப்பன் காலும்

இரவானால் மருதப்பனுக்குக் கால் எரியும்.

பகலில் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டு, பாயை விரித்து, விளக்கை அணைத்து, அப்பாடா என்று காலை நீட்டிய பிறகுதான் அது தன் வேலையை ஆரம்பிக்கும். உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும். போர்வைக்குள் வைத்தால் வேகும், வெளியே வைத்தால் கொசு பிடுங்கும். குளிர்ந்த தரையைத் தேடிக் காலை நகர்த்தி நகர்த்தி, விடியும்போது பாய் ஒரு மூலையிலும் ஆள் ஒரு மூலையிலுமாகக் கிடப்பார்.

அவர் இருந்தது ஒரு சின்ன மடம். மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்களின் பாதையில், பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. மடம் என்றால் கோபுரம், தேர் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதன் முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று. பந்தலுக்குள் ஈர மணலில் பதித்து வைத்த மண்பானைகள். பக்கத்தில் ஆள் உட்கார ஒரு பலகைக் கல்.

நடந்து வருகிறவர் அந்தக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டுவார். மடத்து ஆள் பானையிலிருந்து செம்பில் மொண்டு காலில் ஊற்றுவார். அவ்வளவுதான். அந்த மடத்தின் பூசையும் அதுதான், பாடமும் அதுதான். ஊற்றிய தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி வாழைக்குப் பாயும். "எங்க வாழைப்பழம் பாதி மலை ஏறின பழம்" என்று மருதப்பன் எல்லோரிடமும் சொல்லுவார்.

மடத்தை ஆரம்பித்த பெரியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மடத்துக்குத் தலை வடிவம்மாள். நாற்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவரும் ஒரு காலத்தில் இந்தக் கல்லில் வந்து உட்கார்ந்தவர்தான். எந்த ஊர், என்ன குலம், ஏன் திரும்பிப் போகவில்லை என்று பெரியவர் கேட்கவில்லை. அதனால் இன்று வரை யாருக்கும் தெரியாது.

மருதப்பனுக்கு அவரைவிட இருபது வயதாவது கூட இருக்கும். அரிசி ஆலையில் நெல் அவித்தவர். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயிலில் காலாலேயே கிளறிக் கிளறிக் காயவைத்தவர். மனைவி போன பிறகு, மகன் வீட்டு மாடி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல் ஒரு பங்குனியில் மலைக்கு நடந்தார். வழியில் இந்தப் பலகைக் கல்லில் உட்கார்ந்தார். வடிவம்மாள் அவர் காலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார்.

அத்தனை காலம் உழைத்த காலுக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை. மருதப்பன் மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, ஒரு பையோடு நேரே இங்கே திரும்பி வந்துவிட்டார்.

"என்னையச் சீடனாச் சேத்துக்கங்கம்மா" என்றார்.

"குனிய முடியுமா?" என்று கேட்டார் வடிவம்மாள்.

"முடியும்."

"அப்ப இந்தாங்க" என்று செம்பைக் கொடுத்தார்.

மகள் வயதுக்காரியிடம் போய்ச் சீடனாகச் சேர்ந்திருக்கிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். மருதப்பன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காலையில் பானைகளை நிரப்புவார். பகலெல்லாம் வருகிறவர்களுக்கு ஊற்றுவார். சாயங்காலம் மணலை நனைப்பார். மணல் ஈரமாக இருந்தால்தான் மறுநாள் தண்ணீர் சில்லென்று இருக்கும். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் இருந்ததில்லை.

அடுத்த வருஷம் மாசியிலேயே கோடை வந்துவிட்டது. கால் எரிய ஆரம்பித்தது.

நம் ஊரில் ஒருவர் வாயைத் திறந்து ஒரு வலியைச் சொல்லிவிட்டால் போதும், கேட்கிற அத்தனை பேரும் வைத்தியர்தான். மலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மருதாணி பூசினார். உள்ளங்கால் சிவந்து கல்யாணப் பெண் கால் மாதிரி ஆனது, எரிச்சல் போகவில்லை. விளக்கெண்ணெய் தேய்த்தார். வழுக்கி விழாமல் தப்பித்தது பெரிய காரியம். சோற்றுக் கற்றாழை தடவின அன்று காலில் எறும்பு ஏறியது.

மடத்தில் சமைக்கிற கோமதிதான் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சர்க்கரை பார்த்தார். இல்லை. காலைத் தொட்டுப் பார்த்தார், ஊசி முனையால் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. சத்து மாத்திரை கொடுத்தார்.

"படுக்கிறதுக்கு முன்னாடி குளிர்ந்த தண்ணில கொஞ்ச நேரம் காலை வைங்க. ஐஸ் வேண்டாம். அப்புறம் விரல் இடுக்கெல்லாம் நல்லாத் துடைச்சிட்டுப் படுங்க. தூக்கம் வரும்" என்றார்.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் இருந்தது. மடத்துக் கிணறு கோடையில் வற்றிவிடும். லாரித் தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றுவார்கள். வெயில் முழுக்கக் குடித்த தொட்டி அது. ராத்திரி குழாயைத் திறந்தால் டீ போடுகிற பதத்தில் வரும். சில்லென்று இருப்பது பந்தல் பானைத் தண்ணீர் மட்டும்தான்.

"ஒரு செம்பு எடுத்து ஊத்திக்கங்கண்ணே. யாரு பாக்கப் போறா?" என்றாள் கோமதி.

மருதப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பந்தல் தண்ணி நடந்து வர்றவங்களுக்குன்னு பெரியவர் சொல்லிட்டுப் போயிருக்காரு. நாம எடுக்கலாமா?"

"அப்ப உங்களுக்குன்னு தனியா ஒரு பானை வாங்கி வச்சுக்கங்க."

"எனக்குன்னு ஒரு பானையா? எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம்னுதான தாயி இங்க வந்தேன்!"

சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உண்மையைச் சொன்னால், அந்த எரிச்சலைத் தாங்குவதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அவித்த நெல்லை மிதித்த காலாயிற்றே!

ஆனால் பெருமையை விரித்துப் படுத்தால் தூக்கம் வருமா? ஒவ்வொரு இரவும் அதே கூத்து. பகலில் கண் சொருகியது. ஒருநாள் ஒரு பாட்டியம்மாவின் காலுக்குப் பதிலாக மடியில் ஊற்றிவிட்டார். இன்னொரு நாள் நின்றபடியே தூங்கி, செம்பைக் கீழே போட்டுச் சப்பையாக்கினார்.

கடைசியில் குருவிடமே கேட்டுவிடுவது என்று போனார். வடிவம்மாள் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கால் எரியுது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. என்ன வழி?"

"தண்ணில வைங்க."

மருதப்பன் இன்னும் பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்திருந்தார். "எந்தத் தண்ணிலம்மா?"

வடிவம்மாள் பந்தலைப் பார்த்தார்.

"அது நடந்து வர்றவங்களுக்கும்மா" என்றார் மருதப்பன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார் வடிவம்மாள்.

இதென்ன பதில்? மருதப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவரைக்காய்தான் நறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

பங்குனி உத்திரம் நெருங்கியது. பாதையில் கூட்டம் பெருகியது. காவடியும் பாட்டும் மஞ்சள் துணியுமாக நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெடித்த பாதங்கள், கொப்புளம் போட்ட பாதங்கள், தாரில் பொசுங்கின பாதங்கள். மருதப்பன் குனிந்து ஊற்றி நிமிர்ந்து, குனிந்து ஊற்றி நிமிர்ந்துகொண்டிருந்தார். முந்தின இரவு அவர் ஒரு பொட்டுக் கூடத் தூங்கவில்லை.

அப்போது பஸ் ஒன்று வந்து நின்றதை அவர் பார்த்தார். அதிலிருந்து ஒரு மனிதர் இறங்கினார். கரை வேட்டி, கையில் மஞ்சள் பை. தோல் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாலையைக் கடந்து நேரே பந்தலுக்கு வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் பலகைக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார். காலில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

மருதப்பனுக்குள் ஏதோ ஒன்று பொங்கிவிட்டது. இங்கே ஒருவன் கால் வெந்து சாகிறான், ஒரு சொட்டு எடுக்க மாட்டேன் என்று இருக்கிறான். இந்த மனுஷன் என்னடா என்றால் பஸ்ஸில் வந்து காலை நீட்டுகிறார்!

"எங்கிருந்து நடந்து வர்றீங்க?" என்று கேட்டார்.

அந்த மனிதர் திகைத்தார். "அங்கிருந்து..."

"அங்கிருந்துன்னா? பஸ் படியிலிருந்தா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மனிதரின் முகம் சுருங்கிப் போனது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்று ஒரு குரல் கேட்டது.

வடிவம்மாள் வந்து நின்றார். மருதப்பன் கையிலிருந்து செம்பை வாங்கினார், பிடுங்கவில்லை, வாங்கினார். பானையில் மொண்டார். குனிந்து அந்த மனிதரின் காலில் ஊற்றினார். இன்னொரு செம்பும் ஊற்றினார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைப் போடாமலே மலைப் பக்கம் நடந்தார்.

அவர் ஏன் பஸ்ஸில் வந்தார், அந்தக் காலுக்கு என்ன குறை, யாருக்காக வேண்டிக்கொண்டு வந்தார் என்று வடிவம்மாள் கேட்கவில்லை. ஆகவே நமக்கும் தெரியாது.

"அம்மா, அந்த ஆளு பஸ்ல..." என்று ஆரம்பித்தார் மருதப்பன்.

"எவ்வளவு தூரம்னு கேக்கிற வழக்கம் இங்க இல்லையே ஐயா" என்றார் வடிவம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருதப்பனுக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. அந்த மனிதர் காலை உள்ளே இழுத்துக்கொண்டதே கண்ணில் நின்றது. தன் காலுக்குத் தண்ணீர் ஊற்றி ஆளாக்கின இடத்தில் இன்னொருவரின் காலை விரட்டிவிட்டோமே என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வடிவம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"நான் இதுக்கு லாயக்கு இல்லம்மா. தூக்கம் இல்லாம கிறுக்குப் பிடிச்சுப் போய் வர்றவங்களை விரட்டுறேன். மகன் வீட்டுக்கே போயிடுறேன்."

கோமதி கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். "என்னண்ணே இது? அம்மா, நீங்க சொல்லுங்கம்மா!"

வடிவம்மாள் மருதப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "மகன் வீட்ல தூக்கம் வருமா?"

"அங்கயும் கால் இதே கால்தானம்மா."

"சரி. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. மருதப்பன் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. சாலை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வாங்கின வெயிலைத் தார் இப்போதுதான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கால் எரிந்தது. இன்றைக்கு இருட்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். மகன் வீட்டு மாடி அறை நினைவுக்கு வந்தது. அந்தச் சுவரில் கொடி மாதிரி ஒரு விரிசல் உண்டு. அதை எத்தனை நாள் பார்த்திருக்கிறார்!

பஸ் வந்தது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "ஏறுங்க பெரியவரே, ஏறுங்க!" என்றார்.

மருதப்பன் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அப்போதுதான் பளிச்சென்று ஞாபகம் வந்தது. மணலை நனைக்கவில்லை.

பை, பிரிவு, வெட்கம் என்று அலைந்ததில் அன்றைய மணலை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மணல் காய்ந்து கிடந்தால் நாளைக்குப் பானைத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். நாளைக்குத்தான் உத்திரம். ஊர் உலகமே நடந்து வரும்.

"என்ன பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?"

"இல்லப்பா, மணல் நனைக்கணும்" என்றார் மருதப்பன்.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

மருதப்பன் சாலையைக் கடந்து திரும்பி நடந்தார். நனைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்பதுதான் எண்ணம். யார் முகத்திலும் விழிக்காமல் பந்தலுக்குள் நுழைந்து வேலையை முடித்துவிட வேண்டும். தார் முடிந்து மண் வந்தது. மண்ணும் சுட்டது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற பஸ் நிறுத்தம் காலுக்கு இவ்வளவு தூரமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மத்தியானம் அந்த மனிதர் இதே மண்ணில்தான், இதைவிடப் பெரிய வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார்.

பந்தலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வடிவம்மாள் பானைக்குப் பக்கத்தில் செம்போடு நின்றிருந்தார்.

"வாங்க" என்றார். யார் வந்தாலும் சொல்கிற அதே 'வாங்க'. "உக்காருங்க."

"இல்லம்மா, மணல் நனைக்காமப் போயிட்டேன். அதுக்குத்தான்..."

"நனைச்சாச்சு. உக்காருங்க."

மருதப்பன் குனிந்து பார்த்தார். மணல் ஈரமாகத்தான் இருந்தது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. பையை வைத்துவிட்டுப் பலகைக் கல்லில் உட்கார்ந்தார். எத்தனையோ பேரை உட்காரவைத்த கல்லில் அவர் உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

"காலை நீட்டுங்க" என்றார் வடிவம்மாள்.

பழக்க தோஷம். குரு சொன்னார், கால் நீண்டுவிட்டது.

முதல் செம்பு விழுந்தது. மருதப்பனுக்கு உச்சந்தலை வரைக்கும் சிலிர்த்தது. இரண்டாவது செம்பு விழுந்தது. விரல் இடுக்கெல்லாம் புகுந்து, உள்ளங்காலைத் தடவி, கல்லில் வழிந்து, வாய்க்காலில் இறங்கி வாழைப் பக்கம் ஓடியது. அத்தனை இரவுகளின் எரிச்சலும் அதோடு சேர்ந்து போவது போல இருந்தது. இன்னொரு செம்பு. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது, மறைக்கவில்லை.

கோமதி ஒரு துண்டோடு வந்து, கால் துடைக்கக் காத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

ஆனாலும் மருதப்பன் மருதப்பன்தானே. மனதில் ஒன்று உறுத்தியது. சொல்லாமல் விட முடியுமா?

"அம்மா, பெரியவர் இதை நடந்து வர்றவங்களுக்குன்னு..."

"ஆமா" என்றார் வடிவம்மாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"நான் பஸ் ஸ்டாப்புலருந்துதானம்மா வர்றேன்."

"நான் கேக்கலையே ஐயா."

செம்பு நிறைந்து, கவிழ்ந்து, மறுபடி நிறைந்தது. மருதப்பனின் கண் சொருகியது. தலை மெல்லச் சாய்ந்து பந்தல் காலில் முட்டி நின்றது.

"என்னம்மா, அண்ணன் பேச்சையே காணோம்?" என்று கிட்ட வந்து கேட்டாள் கோமதி.

வடிவம்மாள் அவளிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டு, உதட்டின் மேல் விரலை வைத்தார்.